தேய்க்கிற பலகை

கொத்தனாருக்குப் பேச்சு நின்றுபோனது என்று கேள்விப்பட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. வாய் மட்டும் இல்லையென்றால் அந்த மனிதரை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தவர்கள்தான் எல்லோரும். சாரத்தின் மேல் நின்று அவர் கத்தினால் தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். கலவையில் தண்ணீர் கூடினால் கலந்தவனின் பரம்பரைக்கே திட்டு விழும். அப்படிப்பட்டவர், ஒரு நாள் காலையில் பாதிச் சுவரில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளாஸ் கைநழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் போயின. நாக்கும் போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே உறுமல்தான். தலையாட்டச் சொன்னால் கழுத்து தன் போக்கில் ஆடியது.

அவர் மனைவியைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் பெரியக்கா என்பார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும் இடம் அது. வெளுத்துப் பிழிந்து வரும் ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, சுருக்கமில்லாமல் சூட்டு உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. நாளெல்லாம் ஈரமும் ஆவியும். அவள் விரல்கள் ஊறிப் பூத்து வெளுத்துக் கிடக்கும். வீடு திரும்பினால் இங்கேயும் விரிப்பு மாற்றுகிற வேலைதான். புருஷனைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து முடித்தால்தான் அவள் வாயில் சோறு.

மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வேறு பக்கத்தில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், வந்ததும் அதே பேச்சை எடுப்பான்.

"இப்படியே எத்தன நாளும்மா? ஒனக்கும் இடுப்பு போயிடும். நான் சொன்ன முதியோர் இல்லத்துல ஆளுங்க இருக்காங்க, டாக்டர் வர்றாரு. வேளாவேளைக்குப் பாத்துப்பாங்க."

"பெத்தவர அனாதையாட்டம் கொண்டுபோய் விடணுமா?"

"அவருக்குத் தெரிஞ்சாத்தானே அனாதை? உள்ள யாரும் இல்லம்மா. நீதான் இருக்கறதா நெனச்சுப் பேசிக்கிட்டிருக்க."

"இருக்காருடா. கஞ்சியில உப்பு கொறஞ்சா மூஞ்சிய சுளிக்கிறாரே, பாக்கலியா நீ?"

"உப்பு கைக்கொழந்தைக்குக் கூடத்தான் தெரியும்."

பெரியக்கா புருஷனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "இங்க பாரு. புரியுற மனுஷன வீட்ட விட்டு அனுப்புனா அந்தப் பாவம் என்னை விடாது. அவருக்கு ஒண்ணும் புரியலன்னு மட்டும் தெரியட்டும், நானே அவரு துணிய எடுத்து வெச்சு அனுப்புறேன். புரியுதுன்னா நான் சாகிறவரைக்கும் இங்கதான்" என்றாள். மகன் அதற்கு ஒப்புக்கொண்டான். அம்மா ஒரு சொல் சொன்னால் மாறமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். முதலில் அட்டைகள் கொண்டுவந்தாள். ஒன்றில் தண்ணீர்க் குவளை, ஒன்றில் தட்டு, ஒன்றில் அழுகிற முகம். "ஐயா, தண்ணி எது, காட்டுங்க பாக்கலாம்" என்று பாலர் வகுப்புக் குரலில் கேட்டாள். மனைவியும் மகனும் பார்க்கிறார்கள். ஊரையே ஏய்த்தும் மேய்த்தும் வாழ்ந்த மனிதர், இடது கையால் அத்தனை அட்டையையும் தள்ளிவிட்டார். மறுவாரமும் தள்ளிவிட்டார். கோபமா, புரியாமையா என்று அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு டேப் வாங்குங்களேன், பெரிய போன் மாதிரி இருக்குமே" என்றாள் போகும்போது. "படம் போட்ட கட்டங்க இருக்கும். தொட்டா அந்த வார்த்தைய அதுவே பேசும். சில பேருக்கு அட்டை பிடிக்காது, இது பிடிச்சுப்போகும். அதுவும் சரிவரலன்னா நான் வந்து பிரயோஜனமில்ல. எனக்காகக் காத்துக்கிட்டு நெறைய பேர் இருக்காங்கம்மா."

பெரியக்கா படுக்கை ஓரமாக உட்கார்ந்து, "ஏங்க, கேட்டீங்களா? உங்களுக்குப் பதிலா பேசுறதுக்கு ஒண்ணு வாங்கப்போறேன்" என்றாள். கொத்தனார் அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கலங்குவது நோயால் என்று மகன் சொன்னான்.

அடுத்த நாள் சலவைக்கூடத்தில் உருளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே பேச்சு. மடிக்கிறவள் ஒருத்தி, "பெருசா வாங்குக்கா. சின்னதுன்னா கட்டமெல்லாம் கடுகாட்டம் தெரியும்" என்றாள்.

"பெருசுன்னா தூக்கணுமே. ஒரு கை மனுஷன்."

"தூக்க எதுக்கு? நெஞ்சு மேல சாய்ச்சு வெச்சுடு."

"கஞ்சி கொட்டுனா தாங்குமான்னு கேளு மொதல்ல. எம்பேரன் பால ஊத்தி ஒண்ணக் கொன்னுட்டான்."

"எதுவானாலும் சத்தம் நல்லா வரணும். கொத்தனார் கொரலக் கேட்ட காது நம்ம காது. முணுமுணுன்னு பேசுச்சுன்னா அவருக்கே அவமானம்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு இருந்தது.

கடைக்கு மகனும் அவளும் போனார்கள். கண்ணாடி மேசை நெடுக வரிசையாக டேப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மலை, ஒரு கடல், ஒரு பூ. மகன் மெமரி, பேட்டரி என்று விற்கிற பெண்ணிடம் வேறொரு பாஷையில் பேசிக்கொண்டிருந்தான். பெரியக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். ஊறிய விரல் பட்ட உடனே எல்லாம் திறந்துகொண்டன. இது கொஞ்சம் மெதுவு, இது வழுக்குகிறது, இது எழுத்து சின்னது என்று அவளே தரம்பிரித்தாள்.

"யாருக்கும்மா?" என்றாள் விற்கிற பெண்.

"எங்க வீட்டுக்காரருக்கு. பேச்சு வராது. இடது கைதான் வேலை செய்யும்."

"அப்ப இது எடுத்துக்கங்க. பெரிய ஸ்க்ரீன், சத்தமும் ஜாஸ்தி. லேசா பட்டாலே போதும், அவ்வளவு சுருக்கா எடுத்துக்கும். இதுகூட ஸ்க்ரீன்ல எழுதுற பேனாவோ உறையோ இலவசமாத் தர்றோம். எது வேணும்?"

"பேனா எதுக்கு? அவரு எழுதவா போறாரு?" என்றாள் பெரியக்கா. "உறை குடும்மா. கீழ விழுந்தாத் தாங்கட்டும்."

திரும்பும் வழியில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அளவு, எடை, சத்தம், நிறம், எல்லாவற்றையும் நாலு பேரிடம் கேட்டு, தொட்டு, தட்டி, காதில் வைத்துப் பார்த்து வாங்கியாயிற்று. யார் விரலுக்கு வாங்குகிறோமோ அந்த விரலை மட்டும் கடைக்குக் கொண்டுபோகவில்லை. படுக்கையில் கிடக்கிறவரை எப்படிக் கொண்டுபோக முடியும்? கொண்டுபோக வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

கொத்தனாருக்கும் இந்தச் சாமான்களுக்கும் முன்பே ஒரு பகை உண்டு. கட்டட வேலைகளில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்து சேர்ந்த காலம். இன்ஜினியர்கள் வரைபடத்தை போனில்தான் அனுப்புவார்கள், அளவு மாறினால் போனில்தான் சொல்வார்கள். இவரிடம் இருந்தது பட்டன் போன். மகன் முதல் சம்பளத்தில் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். வாசலில் உட்கார்ந்து ஒரு பொழுது முழுக்க அதோடு மல்லுக்கட்டியவர், சாயங்காலம் அதைத் திரும்ப நீட்டினார். "இந்தத் தேய்க்கிற போன் எவனுக்குடா வேணும்? வேலவெட்டி இல்லாதவன் ஒக்காந்து தேய்க்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அவரிடம் தொழில் படித்தவன் மேஸ்திரியானான், அவனிடமே இவர் கூலிக்குப் போனார். திமிர் பிடித்த மனுஷன், காலத்தோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று ஊரும் வீடும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னன. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்த வாய் இதற்கு மட்டும் பேசாமல் இருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

டேப்பில் கட்டங்களை ஏற்றி, குரலைத் தேர்ந்தெடுத்தார்கள். மகன் தொட்டதும், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிக்கிறவர் குரலில் அது அழகாகச் சொன்னது.

"ஐயோ, ரொம்ப மரியாதையா இருக்கேடா. இவரு வாயில இப்படி வந்தா வீட்டுக்கு வர்றவங்க ஆளு மாறிப்போச்சுன்னு திரும்பிப் போயிடுவாங்க. திட்டுறதுக்குப் படம் ஏதாவது இருக்கா பாரு."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். படுக்கையில் கிடந்தவரின் வாயோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்புத்தான் என்று பெரியக்கா சத்தியம் செய்தாள். நாம் எதையாவது தப்பாகச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது, அந்த அம்மாள் வந்து தொடங்கட்டும் என்று டேப்பை மூடி அலமாரியில் வைத்தார்கள்.

பயிற்சி அம்மாள் வந்த நாளில் அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துவைத்துப் போட்ட துணி கண்ணெதிரே காய்ந்து விறைத்தது. கொத்தனாரைத் தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். டேப்பை மடிமேல் சாய்த்து வைத்தாள் அந்த அம்மாள். திரையில் நாலு படம் மட்டும். "தண்ணி எங்க இருக்குங்க ஐயா? தொடுங்க."

இந்தத் தடவை அவர் தள்ளிவிடவில்லை. இடது கையைத் தூக்கி, நடுங்கிக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டி வைத்தார். டேப் பேசவில்லை. மறுபடி வைத்தார். பேசவில்லை.

"அழுத்தாதீங்க ஐயா. லேசா, பூ மாதிரி."

லேசாக வைத்தார். பேசவில்லை. அவர் விரல் நடுங்கித் தண்ணீருக்கும் தட்டுக்கும் நடுவே அலைந்தது. மகன் எட்டித் தொட்டான், உடனே "தண்ணீர்" என்றது. டேப்பில் ஒரு குறையும் இல்லை. கொத்தனார் மகனின் விரலைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். முகம் சிவந்தது. விரலைக் கல்மேல் உளி வைப்பதுபோல் அழுத்தி ஊன்றினார். அது பேசவே இல்லை. அடுத்த கணம் கையை மடக்கி ஒரே குத்து. டேப் சுவரோரம் போய் விழுந்தது. உறை இருந்ததால் உடையவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். "தொடுறதுக்கும் அடிக்கிறதுக்கும் வித்தியாசம் அவருக்குப் பிடிபடலம்மா. படம் எதுக்குன்னே தெரியல போல. இனிமே பாடுபடுத்தாதீங்க. சாப்பாடு, சுத்தம், அன்பு, அது போதும்."

"என்னம்மா சொல்ற இப்ப?" என்றான் மகன்.

பெரியக்கா சுவரோரம் கிடந்த டேப்பை எடுத்தாள். "நான் என்ன சொல்ல? சொன்ன சொல் சொன்னதுதான்" என்றாள்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள் அவளாக அவர் விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். அவர் கையை உதறிக்கொண்டார். பிறகு விட்டுவிட்டாள். இல்லத்தில் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கிய சாமானைச் சும்மா போட்டுவைப்பானேன் என்று டேப்பில் அவள் நாடகம் பார்க்கத் தொடங்கினாள். சார்ஜ் போடுகிற பிளக் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்ததால் படுக்கை ஓரத்திலேயே சாய்த்து வைத்துப் பார்த்தாள். தங்கையோடு முகம் பார்த்துப் பேசுவதும் அங்கேதான். முன்பெல்லாம் எதைச் சொன்னாலும் "ஏங்க" என்று தொடங்குகிறவள், இப்போது ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள், ஒன்றும் சொல்லாமல் திருப்பிப்போட்டாள். சலவைக்கூடத்து விரிப்பிடம் யார் பேசுகிறார்கள்?

"எப்படிக்கா இருக்காரு மாமா?" என்பாள் தங்கை.

"இருக்காரு. செங்கல்லாட்டம், வெச்ச எடத்துல."

"கல்லானாலும் கணவன்னு சும்மாவா சொன்னாங்க."

"நீ வேற. அன்னைக்கு அந்தச் செவுத்து மேலயே போயிருந்தா ராஜாவாட்டம் போயிருப்பாரு. எனக்கும் இந்தத் தண்டனை இல்ல. ஒண்ணு சொல்லவாடி? கல்யாணமான நாள்லேருந்து அந்த வாய்க்குப் பயந்து பயந்து செத்தேன். சோத்துல கல்லுன்னா பேச்சு, வாசல்ல நின்னா பேச்சு, எங்க அப்பன் ஆத்தாள இழுக்காத நாளே இல்ல. இப்ப வாயத் தொறக்காம கெடக்காரே, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெரியக்கா அவர் காலை இழுத்து நேராகப் போட்டாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது முழுவதும் உண்மையும் இல்லை. ஆனால் காது கேட்காத இடத்தில் பேசுவதாக நினைத்துப் பேசுகிறவர்கள் மீதி உண்மையைச் சொல்ல மெனக்கெடுவதில்லை.

இல்லத்திலிருந்து வண்டி வருகிற நாள் வந்தது. விடிந்ததும் அவரை நன்றாகத் துடைத்துச் சுத்தமாக அனுப்ப வேண்டும் என்று வாளியில் வெந்நீர் எடுத்துவந்தாள். டேப்பில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. முகம், கழுத்து, மார்பு, இடது கை என்று துடைத்துவிட்டு, துணியை அலசக் குனிந்தாள். நாடகம் நின்றது. நிமிர்ந்து தொட்டு ஓடவிட்டாள். மறுபடி நின்றது. பார்த்தால், கொத்தனாரின் ஈர விரல் திரைமேல் கிடந்தது.

விரலை எடுத்தாள். வைத்தாள். நாடகம் ஓடிற்று, நின்றது.

அவள் கட்டங்களைத் திறந்தாள். "ஏங்க" என்றாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு. "தண்ணியத் தொடுங்க."

"தண்ணீர்" என்றது டேப்.

"சோறு?"

"சோறு."

பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பூசுகிற கரணையைப் பிடித்த வலது கையும் சிமெண்ட் தின்ற கைதான். செங்கல்லை எடுப்பதும் சிமெண்டை வழிப்பதும் இடது கை. அந்தக் கையின் விரல்நுனியில் ரேகை என்று ஒரு கோடு இல்லை. தேய்ந்து, காய்ந்து, பலகையாட்டம் இருந்தது. ஈரம் இருந்தால்தான் அது விரல், இல்லையென்றால் கட்டை. அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து அந்தப் போனோடு மல்லுக்கட்டியவருக்கும் இதுதான் நடந்திருக்கும். மகன் வாங்கித் தந்த சாமான் தன் விரலை மதிக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் திட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட இருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை.

"என்னை யாருன்னு தெரியுதாங்க?"

"ஆம்."

"நாங்க பேசுறதெல்லாம் புரிஞ்சுதா? இத்தன நாளுமா?"

"ஆம்."

அவள் வாளியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டாள். "தங்கச்சிகிட்டப் பேசுனது... அதுவுமா?"

விரல் காய்ந்துவிட்டிருந்தது. டேப் பேசவில்லை. அவர் அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார். அவள் தொட்டு நனைத்துவிட்டாள்.

"ஆம்."

"அது வாய்க்கு வந்தத ஒளறுனதுங்க. அலுப்புல சொன்னது. நீங்க என்னைப் பேசாத பேச்சா? நான் மனசுல வெச்சுக்கிட்டா இருந்தேன்?" அவர் முகத்தில் எந்த அசைவும் இல்லை. "சரி, விடுங்க. இப்ப வண்டி வந்துடும். உங்க மகன் காதுபடச் சொல்லிடுங்க, நான் உங்கள எங்கயும் விடமாட்டேன். வீடுன்னு ஒரு வார்த்தை. இதோ இந்தக் கட்டம்."

கொத்தனார் விரலை நகர்த்தினார். "வீடு" என்றது டேப். பெரியக்காவின் முகம் மலர்ந்தது. விரல் அங்கே நிற்கவில்லை. இன்னும் கீழே, மெதுவாகத் தேடிப் போயிற்று.

"வேண்டாம்."

"என்னங்க?"

"வீடு. வேண்டாம்." விரல் மறுபடி நகர்ந்தது. "நீ. வேண்டாம்." செய்தி வாசிக்கிறவர் அதை மழை வரும் என்பதுபோல் தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்.

வாசலில் ஹார்ன் சத்தம். மகன் உள்ளே வந்தான். அம்மா அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, "என்னம்மா, எல்லாம் பேசி முடிச்சதுதானே?" என்றான்.

"உங்கப்பாவுக்கு எல்லாம் புரியுதுடா. பேசுனாரு. இதுல பேசுனாரு."

அவன் நின்றுவிட்டான். "நெஜமாவா? என்ன சொன்னாரு?"

பெரியக்கா புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகமாட்டேங்கிறாரு" என்றாள். "வீடுதான் வேணும்னாரு. நான்தான் வேணும்னாரு."

கொத்தனாரின் கை எழுந்தது. கட்டத்தின் மேல் விரலை வைத்தார். எடுத்து வைத்தார். ஊன்றி அழுத்தினார். டேப் பேசவில்லை. தொண்டையிலிருந்து உறுமல் கிளம்பியது.

"அப்பா, இன்னொருவாட்டி சொல்லுப்பா" என்று மகன் குனிந்தான். "ஏம்மா இப்ப வரமாட்டேங்குது?"

"களைச்சுப் போயிட்டாருடா. காலையிலேருந்து எவ்வளவோ பேசிட்டாரு. நீ போய் வண்டியத் திருப்பி அனுப்பிட்டு வா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். விரல் இன்னும் திரையைக் குத்திக்கொண்டிருந்தது, குத்திய இடமெல்லாம் வேண்டாம் என்ற ஒரே கட்டம். கோபம் தணியட்டும், பிறகு நனைத்துக்கொள்ளலாம், நாளைக்கே நனைத்துக்கொள்ளலாம் என்று பெரியக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையிலிருந்த துணியைச் சொட்டில்லாமல் முறுக்கிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டாள்.